மேற்கு வர்ஜீனியா வரை துடுப்பு

பாலத்தின் வாயில் ஒரு வீடு சிக்கிக்கொண்டு நின்றது.

முழு வீடு கூட இல்லை, பாதி வீடு. தொழிற்சாலையில் இரண்டு துண்டாகச் செய்து லாரியில் ஏற்றிக்கொண்டு போகிற வகை. கூரை பாலத்து இரும்புச் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. சமையலறை ஜன்னலில் தொங்கிய பூப்போட்ட திரை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

ஓரின் ஸ்டால்நேக்கர் வண்டியை அப்படியே விட்டுவிட்டு இறங்கி ஓடினான். வெல்டிங்குக்குப் போட்ட தோல் மேலங்கியைக்கூட அவன் கழற்றியிருக்கவில்லை.

"எப்ப சார் எடுப்பீங்க?"

பாலத்தடியில் நின்ற ஒஹையோ போலீஸ்காரர் கையிலிருந்த பன்னைக் கடித்தார். "வீட்டுக்காரனக் கேளு."

"நான் அந்தப் பக்கம் போகணும் சார். அவசரம்."

"ஆஸ்பத்திரியா?"

"ஒரு மாதிரி" என்றான்.

"ஒரு மாதிரி அவசரத்துக்கெல்லாம் வழி கெடையாது. வண்டியத் திருப்பு."

இந்த ஆளிடம் கெஞ்சிப் பயனில்லை என்று ஓரினுக்குத் தெரியும். போன வருஷம் அவன் வேலை செய்யும் படகுப் பட்டறையின் மிதவை மேடையிலிருந்து செம்புக் கம்பி திருடு போனபோது வந்தவரும் இவர்தான். கரையிலிருந்து மேடைக்குப் போகிற நடைபாலத்தில் பாதி தூரம் வந்து எட்டிப் பார்த்தார். "இது நம்ம வேலை இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். இவ்வளவு பெரிய சோம்பேறிக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று பட்டறையே திட்டியது.

ஓரின் வண்டிக்குள் உட்கார்ந்து மனைவிக்கு ஃபோன் போட்டான்.

"ரீவா, பாலத்த மூடிட்டான்."

"அய்யோ, இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான்."

"சரி, வண்டிக்குள்ளயே உக்காந்து பேசு. வெஸ்ட் வர்ஜீனியால இருக்கேன்னு சொல்லிடு. அவங்க என்ன வானத்துலேருந்தா பாக்கறாங்க?"

"போன மாசம் அப்படித்தான் சொன்னேன். பின்னாடி ஒஹையோ லாட்டரி போர்டு தெரிஞ்சுது."

"போர்டு இல்லாத எடமாப் பாத்து நிக்கக்கூடத் தெரியல உனக்கு."

"இன்னொரு பொய் சொன்னா சேத்துக்க மாட்டாங்க ரீவா. இன்னிக்கு வராட்டியும் பேர எடுத்துடுவாங்க. அப்புறம் குளிர்காலம் வரைக்கும் வரிசைல நிக்கணும்."

"குளிர்காலம் வரைக்கும் என்னால முடியாதுப்பா. நீ தூக்கத்துல கத்துற கத்துல நாயே கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குது. பறந்தாவது போ." அவள் வைத்துவிட்டாள்.

விஷயம் இதுதான். ஏப்ரலில், ஆற்றில் வரிசையாகக் கட்டியிருந்த நிலக்கரிப் படகுகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது ஓரின் நடுவில் இருந்த இடுக்கில் விழுந்தான். ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம் இருக்கும் இரும்புப் படகு. இரண்டு படகும் நெருங்கி வந்துகொண்டிருந்தன. மேலே தெரிந்த வெளிச்சம் கோடாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. மேஸ்திரி ஹப் மட்டும் அவன் காலரைப் பிடித்துத் தூக்கியிருக்காவிட்டால் ஓரினைச் சுரண்டித்தான் எடுத்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து அவனால் இடுக்கைத் தாண்ட முடியவில்லை. மிதவை மேடையில் நின்று வெல்டிங் போடுவான், அது பரந்த இடம். ஆனால் தாண்டு என்றால் கால் வராது. முட்டி வலி என்றான். முதுகு என்றான். சொல்வதற்கு உடம்பில் பாகங்கள் தீர்ந்துபோய்க்கொண்டிருந்த சமயத்தில், "திங்கக்கிழமை நீ படகு வரிசைக்குப் போற" என்று ஹப் சொல்லிவிட்டார். பயந்தவனை ஆற்றில் வைத்திருக்க மாட்டார்கள். கரையில் துருச் சுரண்ட அனுப்புவார்கள். அந்த வேலைக்குப் போனவன் யாரும் திரும்பி ஆற்றுக்கு வந்ததில்லை.

ரீவாதான் கொரீன் அம்மாவைத் தேடிப் பிடித்தாள். உரிமம் பெற்ற மனநலச் சமூகப் பணியாளர். சமூகப் பணியாளர் என்றால் ஓரினுக்குத் தெரிந்தவரை வீட்டுக்கு வந்து பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள். "நம்மகிட்டதான் பிள்ளையே இல்லையே, எத புடிச்சிட்டுப் போகப்போறாங்க, போய்ப் பேசு" என்றாள் ரீவா. பேசினான். ஃபோன் திரையில் நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு பெண்மணி அவன் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். அப்படி ஒருவர் கேட்டு ஓரினுக்குப் பழக்கமில்லை.

ஒரே ஒரு சிக்கல். அவருக்கு உரிமம் கொடுத்திருப்பது மேற்கு வர்ஜீனியா அரசு. பேசுகிற நேரத்தில் ஓரினின் உடம்பு மேற்கு வர்ஜீனியாவுக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் முதல் கேள்வியே, "இப்ப எங்க இருக்கீங்க ஓரின்?" என்பதுதான். வீடு அக்கரையில், மேற்கு வர்ஜீனியாவில். வேலை இக்கரையில், ஒஹையோவில். அவர் கொடுத்த நேரமோ வியாழக்கிழமை மத்தியானம். அதனால் வாராவாரம் சாப்பாட்டு மணி அடித்ததும் பாலத்தைத் தாண்டிப் பறந்து, அக்கரை டயர் கடைக்குப் பின்னால் வண்டியை நிறுத்திப் பேசிவிட்டு வருவான்.

பட்டறையில் இதற்கு ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கொண்டார்கள்: அக்கரையில் ஒருத்தி இருக்கிறாள். ஓரின் மறுக்கவில்லை. பயத்துக்கு வைத்தியம் பார்க்கிறான் என்பதைவிட அது மரியாதையாக இருந்தது.

வண்டியைப் பட்டறைக்குத் திருப்பினான். நடைபாலத்தின் கம்பியைப் பிடித்தபடி, கீழே பார்க்காமல் மேடைக்கு வந்தான். மேடை ஓரத்தில் டெல்மர் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். பட்டறையின் தட்டைப் படகு அவன் பொறுப்பு.

"என்னடா திரும்பி வந்துட்ட? துரத்தி விட்டுட்டாளா?"

"பாலம் மூடிட்டான். டெல்மர், அந்தப் படக எடுத்துக்கவா?"

டெல்மர் மெல்லுவதை நிறுத்தினான். "எதுக்கு?"

"அந்தப் பக்கம் போகணும்."

ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு டெல்மர் எழுந்தே விட்டான். "படகுல போறியா? அவளுக்காகவா? எம்பொண்டாட்டிக்கு நான் தெருவக்கூடத் தாண்ட மாட்டேன்டா!"

"மெதுவாப் பேசு."

"மோட்டார்ல எண்ணெ இல்ல. துடுப்புதான். பரவால்லயா? இந்தா, மொதல்ல இந்த மெதவைச் சட்டையப் போட்டுக்க. அந்தப் பக்கம் போய்ச் சேந்ததும் கழட்டிடு, குண்டாத் தெரியுற. முடிய வாரு. மூஞ்சில கரி."

"டெல்மர், தயவு பண்ணி யாருக்கும் சொல்லிடாத."

"எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு டெல்மர் திரும்பி, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினான். "டேய்! எல்லாரும் இங்க வாங்கடா! ஸ்டால்நேக்கர் காதலியப் பாக்கத் துடுப்புப் போட்டுக்கிட்டுப் போறான்!"

சாப்பாட்டுப் பெட்டிகளோடு ஆட்கள் மேடை ஓரத்துக்கு வந்துவிட்டார்கள். ஒருவன் கைதட்டினான். ஒருவன் இரும்புப் பலகையில் சுத்தியலால் மேளம் அடித்தான். சத்தம் கேட்டு ஹப்பும் வந்தார். கழுத்தே இல்லாமல் தோளின் மேல் தலை வைத்தாற்போன்ற மனிதர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆனால் மேடை மேலேயே இருக்கிற பம்ப் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அந்த நேரத்தில் கதவைத் தட்டியவனை மறுநாள் மேடையில் காண முடியாது. உள்ளே பாட்டில் இருக்கிறது என்பது டெல்மரின் கட்சி. வெறும் தூக்கம்தான் என்பது மற்றவர்கள் கட்சி.

"எங்கய்யா கெளம்பிட்ட?" என்றார் ஹப்.

"இங்கதான் மேஸ்திரி. சும்மா. சாப்பாட்டு நேரத்துக்குள்ள வந்துடுவேன்."

"மோட்டார் இல்லாம ஆத்துல போறவனுக்கு முட்டி வலின்னு சொன்னாங்களே?"

"முட்டிய மடக்கித்தானே உக்காரப் போறேன்."

மேடைக்கும் படகுக்கும் நடுவில் கையகல இடைவெளி. அதற்குள் கறுப்பாகத் தண்ணீர் ஏறி இறங்கியது. இத்தனை பேர் பார்க்க இப்போது பின்வாங்கவும் முடியாது. ஓரின் மேடை விளிம்பில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மூட்டை சரிவது போலப் படகுக்குள் சரிந்தான்.

"இப்படி எறங்குனா அவ ஓடிருவாடா!" என்றான் டெல்மர். எல்லோரும் சிரித்தார்கள். ஹப் சிரிக்கவில்லை.

நடு ஆறு வரை போனால் போதும் என்பது ஓரினின் கணக்கு. இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் ஆறு, அப்படியென்றால் ஆற்றுக்கு நடுவில் எல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தன் பூட்ஸையே பார்த்தபடி துடுப்புப் போட்டான். இரண்டு பக்கமும் தண்ணீர் தகரத்தை நக்குகிற சத்தம் கேட்டது. உள்ளங்கை வேர்த்துத் துடுப்பு வழுக்கியது. படகில் கிடந்த ஒரு வெல்டிங் முகமூடியைக் கவிழ்த்துப் பலகைமேல் வைத்து, அதற்குள் ஃபோனைச் சாய்த்தான். அது உடனே ஒலித்தது.

"எப்படி இருக்கீங்க ஓரின்? முதல்ல வழக்கமான கேள்வி. இப்ப எங்க இருக்கீங்க?"

"இன்னும் ஒஹையோதான் மேடம். ஒரு நிமிஷம். இதோ வந்துக்கிட்டே இருக்கேன்."

"வண்டி ஓட்டிக்கிட்டே பேச வேண்டாம். நிறுத்திட்டுக் கூப்பிடுங்க."

"வண்டி இல்ல மேடம்."

"அப்ப அது என்ன சத்தம்?"

"துடுப்பு."

கொரீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். திரையில் அவருக்குத் தெரிந்தது வானமும் ஓரினின் மோவாயும்தான்.

"ஓரின், நீங்க தண்ணி மேலயா இருக்கீங்க?"

"இப்ப வந்துட்டேன் மேடம். நடு ஆறு. இனிமே வெஸ்ட் வர்ஜீனியா. ஆரம்பிக்கலாம்."

"கிறிஸ்துமஸுக்குள்ள ஒரு குளத்தங்கரைல போய் நின்னு தண்ணிய எட்டிப் பாக்கலாம்னுதானே போன வாரம் பேசினோம்!"

"பாலத்துல வீடு மாட்டிக்கிச்சு மேடம். நீங்க பேர எடுத்துடுவீங்களேன்னுதான்..."

"மிதவைச் சட்டை போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன்."

"மூச்சு எப்படி இருக்கு?"

அவர் கேட்கும்வரை அது ஒழுங்காகத்தான் இருந்தது. கேட்டதும் ஓரின் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினான். நாலா பக்கமும் ஆறு. கரை இரண்டும் எங்கேயோ இருந்தன. நெஞ்சுக்குள் யாரோ திருப்புளி போட்டு முறுக்கினார்கள். துடுப்பு கையிலிருந்து நழுவியது.

"மேடம், எனக்கு வருது."

"தெரியுது. என்னைப் பாருங்க. துடுப்பப் புடிச்சுக்குங்க. இப்ப மெதுவாக் கரைக்கு வாங்க. எந்தக் கரை பக்கமோ அந்தக் கரை."

"ஒஹையோதான் பக்கம். அங்க போனா நீங்க வெச்சிடுவீங்க!"

"வெக்க மாட்டேன் ஓரின். ஆபத்துன்னா லைன்ல இருக்கலாம். நீங்க கரை ஏறுற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

"ஏறுனப்பறம்?"

கொரீன் பதில் சொல்லத் தயங்கினார். பொய் சொல்லாத மனுஷி. அந்தத் தயக்கத்திலேயே ஓரினுக்குப் புரிந்துவிட்டது. கரை ஏறினால் இன்றைய பேச்சு முடிந்தது. திங்கட்கிழமை தனியாகத்தான் இடுக்கின் முன்னால் நிற்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து வளைவில் தள்ளுகப்பல் ஒன்று வந்தது. முன்னால் நிலக்கரிப் படகுகளை ஒரு ஊர் அகலத்துக்குக் கட்டித் தள்ளிக்கொண்டு, மலையே எதிரொலிக்கிற மாதிரி ஊதியது. ஓரின் பித்துப் பிடித்தவன் போலத் துடுப்புப் போட்டு ஓரமாக ஒதுங்கினான். ஒதுங்கியது ஒஹையோப் பக்கம். கப்பல் இயந்திரத்தின் இரைச்சலில் தன் குரலே அவனுக்குக் கேட்கவில்லை.

"இப்ப என்ன தெரியுது உங்களுக்கு? சொல்லிக்கிட்டே இருங்க!" என்று கொரீன் கத்தினார்.

"படகு தெரியுது! அதே படகு!" ஓரினும் கத்தினான். "அன்னிக்கும் இப்படித்தான் வந்துச்சு! மேல வெளிச்சம் சின்னதாகிட்டே போச்சு மேடம்!"

"அப்புறம்?"

"எங்கம்மாவக் கூப்பிட்டேன்! செத்துப் பல வருஷம் ஆச்சு, அவளக் கூப்பிட்டு அழுதேன்! மூத்திரம் போயிட்டேன்! தண்ணில நனைஞ்சதால யாருக்கும் தெரியல! ரீவாகிட்டக்கூட நான் சொன்னதில்ல!"

"சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டிருக்கேன்!"

கப்பல் வளைவைத் தாண்டியது. மலை அதன் சத்தத்தை ஒரேயடியாக விழுங்கிவிட்டது. ஓரின் அதைக் கவனிக்கவில்லை. இரைச்சலுக்கு மேலே கேட்கவேண்டி எடுத்த குரலிலேயே, ஈ பறந்தால் கேட்கிற அந்த அமைதியில் தொடர்ந்தான்.

"முட்டி வலி இல்ல! ஒரு மயிரும் இல்ல! பயம்! திங்கக்கிழமை அந்த இடுக்க நான் தாண்ட மாட்டேன்! அந்த ஹப், அந்தப் புல்டாக் மூஞ்சிக்கு மட்டும் இது தெரிஞ்சா நான் தொலைஞ்சேன் மேடம்!"

குரல் தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு போய், எதிர் மலையில் பட்டு, "தொலைஞ்சேன் மேடம்" என்று திரும்பி வந்தது.

ஓரின் திரும்பிப் பார்த்தான். மேடை கூப்பிடு தூரத்தில் இருந்தது. சுத்தியலை ஓங்கியவன் ஓங்கியபடியே நின்றான். டெல்மரின் வாய் திறந்திருந்தது. நடுவில் ஹப்.

கப்பல் கிளப்பிய அலை வந்து தட்டைப் படகைத் தூக்கி மேடைப் பக்கமாகத் தள்ளியது. ஓரின் தடுக்கவில்லை. முடிந்தது. இனி எங்கே போனாலும் ஒன்றுதான். ஃபோனை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு மேடையை நோக்கித் துடுப்புப் போட்டான். அடுத்த வாரம் தான் சுரண்டப்போகிற துருவின் நிறம்கூட அவன் கண்ணில் தெரிந்தது.

மேடை ஓரத்தில் டெல்மர் மெதுவாக ஹப்பிடம் கேட்டான். "அப்ப அவன் போறது பொம்பளகிட்ட இல்லையா மேஸ்திரி?"

"வாய மூடு."

அலையில் படகு ஏறியது, இறங்கியது. மேடையை ஒட்டி வந்தது, விலகியது. நடுவில் இடுக்கு திறந்து மூடியது. ஹப் கையை நீட்டவில்லை. இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைதான் ஓரினுக்குப் பொறுக்கவில்லை. வேலையைப் பிடுங்குவதானால் நின்றுகொண்டு வாங்கிக்கொள்கிறேன், இந்த ஆளின் காலடியில் உட்கார்ந்து அல்ல. எழுந்தான். படகு ஆடியது. தண்ணீர் கறுப்பாக வாயைத் திறந்தது. ஓரின் அதைப் பார்த்தான், ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், தாண்டினான்.

மேடையில் கால் பட்டதும் பூட்ஸ் வழுக்கியது. ஹப்பின் கை பாய்ந்து வந்து காலரைப் பிடித்தது. ஏப்ரலில் பிடித்த அதே இடம். ஓரின் நிமிர்ந்து நின்ற பிறகும் பிடித்த கை விடவில்லை.

பைக்குள்ளிருந்து கொரீனின் குரல் வந்தது. "ஓரின்? ஓரின், கேக்குதா? இப்ப எங்க இருக்கீங்க?"

ஓரின் ஃபோனை வெளியே எடுத்தான். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"மேடைக்கு வந்துட்டேன் மேடம். ஒஹையோதான். நீங்க வெச்சிடுங்க."

ஹப் காலரை விடாமலே குனிந்து, ஃபோனுக்குள் வாயை வைத்துச் சொன்னார்:

"வெக்காதீங்க மேடம், இந்த முட்டாளுக்குத் தெரியாது, எல்லை நடு ஆத்துல இல்ல, ஒஹையோக் கரையிலதான், இந்த மேடைக்கு அடியில ஓடற தண்ணி முச்சூடும் வெஸ்ட் வர்ஜீனியாதான் — இவன இழுத்துப் போட்ட வாரத்துலேருந்து நானே செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை அந்தப் பம்ப் ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு உங்கள மாதிரி ஒரு அம்மாகிட்டதான் அழுதுக்கிட்டிருக்கேன்."